ஷாரோன் சுட்ட சோள வடை

என் வீட்டுக்காரர் வெங்கடேசன் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் உப்பு கம்மி என்றுகூடச் சொன்னதில்லை. தட்டில் வைத்தால் சாப்பிடுவார், கை கழுவுவார், கருங்குழியிலிருந்து லாரியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் சுபாவம் அப்படி என்று நானும் இருந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாய் திறந்தது. எனக்கு இல்லை, ஷாரோனுக்கு.

ஷாரோன் என் ஓரகத்தி. கொழுந்தன் கார்த்தி காதலித்துக் கட்டிக்கொண்ட பெண். ஊர் படாளம். இரண்டு பேருக்கும் நாவலூரில் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் அவள் மக்காச்சோள மாவில் சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, எண்ணெயில் பொரித்து எடுத்தாள். கார்ன் கேக்காம். எண்ணெயில் பொரித்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வடை.

ஒன்றைத் தின்றுவிட்டு, "நல்லா கீதும்மா, இன்னொண்ணு வை" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் சிரித்துக்கொண்டே, "ரொம்ப நல்லா கீது ஷாரோன்" என்றேன். அதற்குப் பிறகு வந்த நான்கு ஞாயிறும் அதே வடை, அதே "நல்லா கீதும்மா". அந்த இரண்டு வார்த்தை எனக்கு வேண்டும். அதே வடையைச் சுட்டு அதே வாயிலிருந்து வாங்க வேண்டும். வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

அவளிடம் மாவு கேட்க ரோஷம் விடவில்லை. கோழித் தீவனக் கடையில் ஒரு கிலோ மக்காச்சோளம் வாங்கி, புடைத்துக் காயவைத்து, சனிக்கிழமை சாயங்காலம் செங்கல்வராயன் மில்லுக்கு எடுத்துப் போனேன். அவர் மிளகாய்க்கு ஒரு மெஷினும் மாவுக்கு ஒரு மெஷினும் வைத்திருப்பவர். அன்றைக்கென்று மாவு மெஷினில் பெல்ட் அறுந்து கிடந்தது.

"மொளகா மெஷின்தான் ஓடுது, இப்பத்தான் மொளகா அரைச்சேன். யாராச்சும் கேவுரு எடுத்துனு வருவாங்க, அவுங்களுக்குப் பின்னால போட்டுக்கோ. இல்லாங்காட்டி வூட்டுக்குப் போயி ரெண்டு புடி அரிசி எடுத்துனு வா, மெஷின கழுவி வுட்டுடலாம்" என்றார்.

முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் மாவு மில்லில் தூக்குவாளியை இறக்காதவள் நான். ஆனால் ஆறு மணி பஸ்ஸில் அவர்கள் வந்துவிடுவார்கள். தூக்கும் கையுமாக ஷாரோன் கண்ணில் படக்கூடாது.

"பரவால்ல அண்ணாத்த, போடுங்க" என்றேன். பொறாமை வந்தால் புத்தி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடும்.

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்தேன். மாவு லேசாகச் சிவந்திருந்தது. நாட்டுச் சோளம், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழரைக்குத் தட்டு போட்டு, வடையை வைத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கார்த்தி ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினான். "அண்ணி, இன்னா போட்டீங்க இதுல? நாக்கு எரியுது."

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு மூன்றாவது வடைக்குப் போனார். ஒரு வார்த்தை இல்லை.

அதற்குள் ஷாரோன் அடுப்படிக்குப் போய், கொண்டுவந்திருந்த மாவில் அவசரமாகப் பத்து வடை சுட்டுக்கொண்டு வந்தாள். அவர் அதில் ஒன்றை எடுத்தார். "நல்லா கீதும்மா."

என்னால் அடக்க முடியவில்லை. "பதினெட்டு வருஷமா ஆக்கிப் போடறேன். எனக்கு ஒரு நாளாச்சும் இத சொல்லிக் கீறீங்களா?"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "உங்கிட்ட இன்னாத்துக்கு சொல்லணும்? நம்ம வூட்டு சோறு. அது வந்து போற பொண்ணு. சொல்லலன்னா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டு நான் சுட்ட நான்காவது வடையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன். திரும்பிப் பார்த்தால், ஷாரோன் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முகம் செத்திருந்தது. உள்ளே போனாள். நான் காலித் தட்டை எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அக்கா, எனக்கு உங்க மேல எவ்ளோ பொறாம தெரியுமா? மாமா உங்கள்த ஒண்ணுமே சொல்லாம துண்றாரு. எனக்கு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் மார்க் போட்ற மாதிரி சொல்றாரு. எத்தினி வருஷம் ஆனா எனக்கும் சொல்லாம துண்ணுவாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டது போதாதென்று என் பதினெட்டு வருஷத்தையும் கேட்கிறாள். அவள் சுட்டதில் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"உப்பே இல்ல. உள்ள வேவல. எண்ண குடிச்சிக்கினு கீது. மொத நாள்லேர்ந்தே இப்டித்தான் சுட்டுகினு கீற."

அவளுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. பிறகு நான் கடித்த மீதியை என் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாக்கா," என்றாள், "உப்பு கம்மிதான்."