மச்சான் காட்டிய குப்பி

ஹார்க்கஸைக் கெட்டிக்கார வியாபாரி என்று கம்பெனியில் ஒருவரும் சொன்னதில்லை. மலைக்கு மேலே, வருஷத்தில் ஏழு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு மரக் கிடங்கில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்து பீவர் என்கிற நீர்ப்பிராணியின் தோலை வாங்குகிறவர். தோலை உதறிப் பார்ப்பார், மயிரை ஊதிப் பார்ப்பார், மட்டமான தோல் என்று தெரிந்துகொண்டே நல்ல தோலுக்கு விலையாகத் தரும் வெடிமருந்தை அளந்து கொடுத்துவிடுவார். கேட்டால், "அவன் பொண்டாட்டி குளிர் பூரா படுத்த படுக்கையா இருந்தா, பாவம், எங்க போய்ப் பொறி வைப்பான்?" என்பார். கீழே கோட்டையில் இருந்த மேலதிகாரிக்கு இதெல்லாம் பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன, அந்தக் குளிரில் வேறு எந்த மகராசன் வந்து உட்காரப்போகிறான்?

அவர் மனைவி கூட்டனாய் என்ற மலைப் பழங்குடி இனத்துப் பெண். அவளுடைய சொந்தப் பெயர் படகுக்காரர்கள் வாயில் நுழையாததால் ஆஞ்செலிக் என்று அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பாதிரியும் இல்லை, பதிவும் இல்லை. அவளுடைய அண்ணன் ஒற்றைத்தோணிக்கு ஹார்க்கஸ் ஒரு துப்பாக்கியும் இரண்டு கம்பளியும் கொடுத்தார், மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே புகைக்குழாயில் புகைத்தார்கள். அந்த மலையில் அதுதான் கல்யாணம். கோட்டையில் பாதிரி முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டவர்களில் எத்தனையோ பேரைவிட ஹார்க்கஸும் ஆஞ்செலிக்கும் ஒழுங்காகவே குடித்தனம் செய்தார்கள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஒற்றைத்தோணி தன் கூட்டம் அறுபது பேரோடு கணவாயைத் தாண்டி வருவான். கிடங்குக்கு முன்னால் ஓடும் ஆற்றின் அக்கரையில் நின்று ஒரு முறை வானத்தைப் பார்த்துச் சுடுவான். ஹார்க்கஸ் புகையிலைத் திரியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போவார். குழாய் சுற்றி வரும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் யாரோடு ஓடிப்போனாள் என்று ஒரு பொழுது முழுக்கப் பேச்சு. மறுநாள்தான் வியாபாரம்.

அந்த வருஷம் பனிக்கட்டி சீக்கிரம் உடைந்து, சரக்குப் படகு முன்னதாகவே வந்துவிட்டது. வந்த நான்கு படகுக்காரர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். வழக்கமான காய்ச்சல் என்று நினைத்து ஆஞ்செலிக் அவன் தலையை மடியில் தாங்கித் தண்ணீர் புகட்டினாள். மூன்றாம் நாள் அவன் முகத்தில் முத்து முத்தாகக் கொப்புளம் எழும்பியது. பெரியம்மை என்று ஹார்க்கஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறு வயதில், சொந்த ஊரான ஆர்க்னித் தீவில், அவரே அந்த அம்மையில் கிடந்து பிழைத்தவர். அவர் முகம் முழுக்க அதன் தழும்பு. கிடங்கில் அவருக்கு ஒத்தாசையாக இருந்த ஒனெசிமும் சின்ன வயதிலேயே கண்டு எழுந்தவன். ஒரு தடவை கண்டு பிழைத்தவர்களை அது மறுபடி தொடாது. ஆஞ்செலிக் அப்படி இல்லை. அவளுடைய ஆட்களும் அப்படி இல்லை.

அதற்கு முந்தின கோடையில் கீழே சமவெளியில் நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். அதே அம்மையில் ஊர் ஊராகக் கூடாரங்கள் ஆளில்லாமல் நின்றனவாம், புதைக்க ஒரு கை மிச்சம் இல்லையாம். இன்னும் சில நாட்களில் அறுபது பேர் கணவாய் வழியாகச் சிரித்துக்கொண்டே வரப்போகிறார்கள். ஆள் அனுப்பித் தடுக்கலாம் என்றால் யாரை அனுப்புவது? போகிறவன் துணியிலேயே அதுவும் கூடப் போகுமே.

அந்தப் படகுக்காரனையும் கூட வந்த இன்னொருவனையும் புதைத்த மறுநாள் காலையில், அக்கரையில் துப்பாக்கி வெடித்தது.

ஹார்க்கஸ் இக்கரையிலேயே நின்றுகொண்டார். வெறுங்கையோடு நிற்கிறாயே மச்சான், புகையிலையைப் பொண்டாட்டி ஒளித்து வைத்துவிட்டாளா என்று ஒற்றைத்தோணி அங்கிருந்து கேலி செய்தான். கூட்டம் சிரித்தது. ஹார்க்கஸ் உள்ளதை உள்ளபடி கத்திச் சொன்னார். அம்மை வந்திருக்கிறது, இரண்டு பேர் போய்விட்டார்கள், ஆற்றைத் தாண்டாதே, திரும்பிப் போ.

சிரிப்பு நின்றது. "தங்கச்சிக்கு?" என்று கேட்டான் ஒற்றைத்தோணி.

"இன்னும் இல்ல. ஆனா வரும்."

அவன் திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ பேசினான். போகப்போகிறார்கள் என்று ஹார்க்கஸ் மூச்சு விட்டார். அவர்களோ மூட்டைகளை இறக்கினார்கள். பெண்கள் கரையோரத்தில் வளையும் குச்சிகளை வெட்ட ஆரம்பித்தார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியும். கல்லைச் சுடவைத்துத் தண்ணீர் தெளித்து, நோயாளியோடு சொந்தக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து வேர்ப்பதற்கான கூடாரம் அது. எந்த நோய்க்கும் அவர்களுக்கு அதுதான் முதல் வைத்தியம்.

"மச்சான், நோவுல கெடக்கிறவங்களைப் போட்டுட்டு ஓடுறதுக்கு நாங்க என்ன நரியா? அவளுக்கு ஆத்தாளும் இல்ல. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்றபடி ஒற்றைத்தோணி செருப்பைக் கழற்றினான்.

கெட்டவர்களாக இருந்திருந்தால் ஓடிப்போயிருப்பார்கள். இந்த நல்லவர்களை என்ன சொல்லி விரட்டுவது?

இங்கே அந்தக் குப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மலைக்கு வந்த முதல் வருஷம், ஒரு குதிரைத் தகராறில், கூட்டனாய் இளவட்டங்கள் கிடங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். கடற்கரை வியாபாரி ஒருவன் செய்த தந்திரம் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டி, அம்மையை இதற்குள் அடைத்து வைத்திருக்கிறேன், திறக்கட்டுமா என்றார். ஓட்டமாக ஓடினார்கள். உள்ளே இருந்தது வயிற்றுவலிக்கான புதினாத் தைலம். அந்தப் பொய்யை நினைத்து அவர் பிறகு வெட்கப்படாத நாள் இல்லை. ஆஞ்செலிக்கிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, இனி அந்த வேலையே வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தலைவலிக்கு அதைத்தான் தடவிக்கொள்வாள். அவளுடைய ஆட்கள் மட்டும் கிடங்குக்குள் வந்தால் குப்பி இருந்த அலமாரிப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

ஒற்றைத்தோணி தண்ணீரில் கால் வைத்தபோது, ஆஞ்செலிக் பின்னாலிருந்து வந்து குப்பியை ஹார்க்கஸ் கையில் திணித்தாள்.

"இந்தா, காட்டு."

"உங்கண்ணன் சாகிறவரைக்கும் என்னை மன்னிக்க மாட்டான்."

"சாகாம இருந்தாத்தானே மன்னிக்கிறதுக்கு. காட்டு சொல்றேன்."

அவர் தூக்கிக் காட்டினார். "நான்தான் தொறந்தேன். உங்க தோலும் வேண்டாம், உங்க உறவும் வேண்டாம். பாதி இன்னும் மிச்சம் இருக்கு. அடுத்த அடி வச்சா ஆத்துல கொட்டிருவேன்."

அக்கரையில் பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். குளிர் முழுக்கப் பாடுபட்டுச் சேர்த்த தோல் மூட்டைகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒற்றைத்தோணி மட்டும் ஓடவில்லை. தண்ணீரில் நின்றபடி, மச்சானுடைய முகத்தில் இருந்த தழும்புகளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். பிறகு தங்கையைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, நீ வந்துரு. இந்தப் பாவிகிட்ட இருக்காத."

அவள் போயிருக்கலாம். சாகிற நேரத்தில் சொந்த ஆட்கள் நடுவில் இருக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவளுக்கும் இருந்தது. ஹார்க்கஸின் சட்டையை அவள் பிடித்த பிடியில் அது தெரிந்தது.

"வரமாட்டேன்" என்றாள். "அவரு தொறக்கும்போது நானும் கூடத்தான் இருந்தேன். வேண்டாம்னு சொல்லல."

ஒற்றைத்தோணி தண்ணீரில் காறித் துப்பினான். எனக்குத் தங்கச்சி கிடையாது என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கரையேறிப் போனான். அவன் முதுகு மரங்களுக்குள் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

எட்டு நாள் கழித்து அவளுக்கு முதுகு வலித்தது, அடுத்து காய்ச்சல் வந்தது. ஹார்க்கஸ் இரவு பகல் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. நினைவு தப்பிய வேளைகளில் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "வந்துக்கிட்டு இருக்கான்" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் கண்ட பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள். அவரும் ஒனெசிமும் குழி தோண்டினார்கள்.

அக்கரையில் கிடந்த தோல்களை அவர் தொடவே இல்லை. மழையில் அழுகிப்போயின. அதற்காகக் கோட்டையிலிருந்து காரசாரமாக ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தெற்கேயிருந்து ஒரு குதிரை வியாபாரி வந்தான். ஒற்றைத்தோணியின் கூட்டத்தைக் காட்டெருமை மேயும் சமவெளியில் பார்த்ததாகச் சொன்னான். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஹார்க்கஸ் கேட்டார். அறுபதுக்கு மேலேயே இருப்பார்கள், புதிதாக மூன்று குழந்தைகள் வேறு என்றான் அவன். சாவு விழுந்தால் முடியை அறுத்துக்கொள்வது அந்த ஆட்களின் வழக்கம். அதனால், அறுத்த முடியோடு யாரையாவது பார்த்தாயா என்று அவர் துருவிக் கேட்டார்.

"ஒருத்தர் தலையிலயும் இல்லீங்க. எல்லாருக்கும் இடுப்பு வரைக்கும் தொங்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். "உங்க பேரைச் சொன்னா மட்டும் துப்புறாங்க."

ஹார்க்கஸ் சிரித்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை. வந்தவனுக்கு ஒரு முழுத் திரி புகையிலையை இனாமாகக் கொடுத்து, துப்பினார்களா, நன்றாகத் துப்பினார்களா என்று மறுபடி மறுபடி கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

அவன் போனபிறகு தோல் உரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தன் நரைத்த முடியைக் கொத்தாகப் பிடித்து அறுக்கத் தொடங்கினார். ஒனெசிம் பதறி ஓடிவந்து, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டான்.

"புதுசா யாரும் சாகலப்பா" என்றார். "இது ஒற்றைத்தோணி செய்ய வேண்டியது. தங்கச்சி போனது அவனுக்குத்தான் இன்னும் தெரியாதே."