நான் வைத்த பெயர்

என் அண்ணிக்குப் பார்வை கிடையாது. அவர் செய்யும் வேலையில் அப்பழுக்கு சொல்ல முடியாது. என் கதை வேறு. எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். அதைக் கணினிக்கு எழுதும் நிரலிலும் எழுதி வைப்பேன்.

கணினித் திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் பத்து வருடங்களுக்கு முன் எழுதினேன். இலவசம்தான், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். வந்த எழுத்து சரியா தவறா என்று பார்க்காமல் அப்படியே படிக்கிற ஒரு கட்டளைக்கு, நண்பர்கள் சிரிக்கட்டும் என்று 'குருடன்' என்று பெயர் வைத்தேன். சிரித்தார்கள். ஆறு வருடமாக அந்த நிரலில் அண்ணிதான் பிழை திருத்துகிறார். ஒவ்வொரு முறையும் கணினி அந்தப் பெயரை அவர் காதில் சொல்லும். அது எனக்கு உறைத்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பெயரைத் திங்களுக்குள் மாற்ற முடியுமா என்று கேட்டார். அவர் பாடம் நடத்தும் பயிற்சி மையத்தில் பார்வையற்ற பன்னிரண்டு பேர் நிரல் படிக்கத் தொடங்குகிறார்கள். முதல் பாடமே இந்த மென்பொருள்தான். யாரையும் நினைத்து வைத்த பெயரில்லை என்று அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு கிளாஸ், தம்பி" என்றார்.

சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரே தட்டலில் எல்லா இடத்திலும் 'நேர்வாசிப்பு' என்று மாற்றிப் புதுப் பதிப்பை வெளியிட்டுவிட்டு, பெரிய தியாகி போலச் சாப்பிடப் போனேன்.

கை கழுவுவதற்குள் அண்ணி கூப்பிட்டார். அவர் கணினி பேச்சை நிறுத்திவிட்டது. புதுப் பதிப்பை ஏற்றிய எல்லாருக்கும் அதே கதி. இந்த மென்பொருளோடு சேர்ந்து இயங்குவதற்காக எங்கெங்கோ இருக்கும் நாற்பத்து மூன்று பேர் எழுதிய துணைநிரல்கள், பழைய பெயரைச் சொல்லித்தான் அந்தக் கட்டளையைக் கூப்பிடுகின்றன. நான் அந்தப் பெயரை அடியோடு துடைத்திருந்தேன்.

"பழைய பேரையும் விட்டு வைங்க. அதுல கூப்பிட்டா புதுசுக்கு அனுப்பிடுங்க" என்றார் அண்ணி. பேசாத கணினியின் முன் உட்கார்ந்தபடி, நான்கு வரிகளை அடைப்புக்குறி உட்பட மனதிலிருந்தே ஒப்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு தட்டினேன். திருத்திய பதிப்பு தானாகவே போய்ச் சேர, ஐந்தே நிமிடத்தில் எல்லார் கணினியும் பேசியது.

நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அண்ணி அந்த நாற்பத்து மூன்று பேருக்கும், அவரவர் நிரலைத் திருத்தி இணைத்து, தனித்தனியே மடல் அனுப்பினார். ஒருவர் மட்டும் இதெல்லாம் வெட்டி வேலை என்று எரிந்து விழுந்தார். அவர் நிரலில் மூன்று வருடமாக இருந்த ஒரு பிழையையும் சேர்த்துச் சரிசெய்து அண்ணி திருப்பி அனுப்ப, மனிதர் கப்சிப். அந்தப் பொறுமையில் காலணா அளவுகூட எனக்கு இல்லை.

திங்கட்கிழமை வகுப்பு வாசலில் நின்று கேட்டேன். பன்னிரண்டு கணினிகளும் புதுப் பெயரைச் சொல்லின. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்த அண்ணியிடம், ஆறு வருடமாக ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்குப் பழகிடுச்சு, தம்பி. இவங்களுக்கும் பழகிடக் கூடாதுல்ல."

திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது அவருக்குத் தெரியாதே என்று, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.