நான்கு செல்வி அழைப்புகள்

பெய்ரூன் என்ற பெயரில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது என்பது, அந்தப் பெட்டியைக் கையில் வாங்கும்வரை சப்னாவுக்கே தெரியாது. முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு எதிரே போன் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் லாபிர் நானா, கொழும்பு முகவர் ஒருவரின் பேச்சில் மயங்கி முப்பது பெட்டி எடுத்துவிட்டார். சீனாவில் எந்த ஊரில் அதைச் செய்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பெட்டி அழகாக இருந்தது, விலை குறைவாக இருந்தது, அவ்வளவுதான். கடைக்கு வந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "உதென்ன பேர்?" என்று கேட்டார்கள். வைத்துவிட்டுப் போனார்கள்.

"உன்ர யூடியூப்பில ஒருக்கா நல்லாச் சொல்லிவிடு," என்றார் லாபிர். "முகவரும் அதைத்தான் கேக்கிறார்."

"பாத்திட்டுச் சொல்றன் நானா. நல்லா இருந்தா நல்லது எண்டு சொல்றன்."

நீராவிப்பிட்டியில் இருந்த சப்னாவுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு வருடமாகப் போன்களைப் பற்றிக் காணொளி போட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை பதினான்கு போன்கள். பார்ப்பவர்கள் முந்நூறு பேரைத் தாண்டியதில்லை, அதில் பாதிப்பேர் புத்தளத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள். ஆனாலும் அவள் வேலையில் குறை வைப்பதில்லை. பெரிய நகரத்துக் காணொளிக்காரர்கள் எப்படி நிற்கிறார்கள், எந்த எண்களைச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள்.

கமராவைச் சோதிக்க அவள் தேர்ந்த இடம் கள்ளப்பாட்டுக் கடற்கரை. காலை ஒன்பது மணிக்கு நீலக் கடலும் சிவப்புப் படகுகளும் படத்துக்கு நன்றாக வரும். முக்காலியில் தன் சொந்தப் போனைப் பொருத்திவிட்டு, பெய்ரூனைக் கையில் உயர்த்திப் பிடித்து, "இதன் திரை நானூறு நிட்ஸ் ஒளிர்வு கொண்டது," என்று சொன்னாள். காற்றில் முக்காடு பறந்தது. மறுபடி சொன்னாள். ஒரு நாய் குறுக்கே வந்தது. மூன்றாம் முறையும் சொன்னாள்.

பக்கத்தில் சில பெண்கள் வலையிலிருந்து சூடை மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், கையில் மீன் செதிலோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, அரை மணித்தியாலமா உதைப்பற்றித்தான் கதைக்கிறாய். இந்த வெய்யிலுக்க உதில ஆர் கோல் எடுக்கினம் எண்டு தெரியுமோ?"

சப்னா திரையைப் பார்த்தாள். தன் முகமும் அதற்குப் பின்னால் வானமும்தான் தெரிந்தன.

"தெரியேல்லை அக்கா."

"பிறகென்ன நானூறு?"

வலையைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சப்னாவுக்கு முகம் சுட்டது. ஆனால் கேள்வி சரியான கேள்வி என்பதும் அவளுக்கு விளங்கியது. முக்காலியை மடக்கிவிட்டு அவரருகே போய்க் குந்தினாள். அவர் பெயர் புனிதமலர். கணவர் சூசைப்பிள்ளைக்கு ஒரு படகு இருந்தது. அவர் பிடித்து வருவதை வியாபாரிகளோடு போனில் பேசி விற்பது புனிதமலரின் வேலை. இரண்டு கிழமைக்கு முன் வட்டுவாகல் பாலத்தில் நின்று விலை பேசியபோது அவருடைய போன் கைதவறி நீரில் விழுந்துவிட்டது. இப்போது ஒரு பழைய பட்டன் போனைத்தான் வைத்திருந்தார்.

"அப்ப இதை மூண்டு நாளைக்கு நீங்களே பாவிச்சுப் பாருங்கோ," என்று சப்னா பெய்ரூனை நீட்டினாள். "பிறகு உங்கட வாயால சொல்லுங்கோ. நான் வீடியோ எடுக்கிறன்."

"உடைஞ்சால்?"

"உடைஞ்சால் உடைஞ்சது எண்டு சொல்லுவம்."

புனிதமலர் கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை சப்னா போனபோது, புனிதமலர் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, மீனவர் குடிசையான வாடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். சூசைப்பிள்ளை சற்றுத் தள்ளி வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். சப்னா தன் போனை முக்காலியில் வைத்துப் பதிவைத் தொடக்கினாள்.

"முதல்ல நல்லதைச் சொல்றன்," என்றார் புனிதமலர், நேரே கமராவைப் பார்த்து. "சத்தம் பெரிசு. முதல் நாள் இவர் தன்ர சிம்மைப் போட்டு இதைக் கடலுக்குக் கொண்டு போனவர். எஞ்சின் ஓடேக்கையும் நான் கதைச்சது வடிவாக் கேட்டதாம்."

"அது போனாலயோ உன்ர தொண்டையாலயோ தெரியாது," என்றார் சூசைப்பிள்ளை தலை நிமிராமல்.

"நீங்கள் வலையைப் பாருங்கோ. இனிக் கூடாததைச் சொல்றன். ஈரக்கையால தொட்டால் வேலை செய்யாது. நான் எப்ப பிள்ளை காய்ஞ்ச கையோட இருந்தனான்? அடுத்தது, ஆக்களைப் படம் எடுத்தால் பவுடர் பூசின மாதிரி வருது. இவரை எடுத்தன், நாடகத்தில ராசா வேசம் கட்டினவர் மாதிரி நிக்கிறார். அதை நிப்பாட்டவும் தெரியேல்லை. தமிழில தேடித் தேடிப் பாத்தனான்."

சப்னா திடுக்கிட்டாள். "தமிழிலயோ போட்டு வச்சிருக்கிறீங்கள்?"

"பின்ன என்ன, சீனத்திலயோ?"

பதினான்கு போன்களைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள் சப்னா. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில்தான் தொடக்கியிருக்கிறாள். ஒன்றையாவது தமிழில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. போனை வாங்கிப் பார்த்தாள். திரும்பிப் போவதற்கான பொத்தானில் 'முதுகு' என்று எழுதியிருந்தது.

"நில்லு, உனக்கு வடிவானதைக் காட்டுறன்," என்று புனிதமலர் சப்னாவின் பையிலிருந்த பவர் பாங்கின் சார்ஜர் வயரை இழுத்துப் பெய்ரூனில் செருகினார். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'குற்றஞ்சாட்டப்படுகிறது – 71%'.

"ஆரை? என்னத்துக்கு?" என்றார் புனிதமலர். "ஒவ்வொரு நாளும் குசினியில செருகிப்போட்டுப் பாக்கிறன், குற்றஞ்சாட்டிக்கொண்டே நிக்குது. நூறு வந்தாப் பிறகு, 'முழுமையாகக் குற்றஞ்சாட்டப்பட்டது' எண்டு சொல்லுது. பிறகு இதைப் பார்." பக்கத்துப் பெட்டியில் கிடந்த மீனைப் படம் எடுத்தார். 'உங்கள் படம் இரட்சிக்கப்பட்டது' என்று திரை சொன்னது. "நான் தவக்காலம் முழுக்கக் கோயிலுக்கு நடந்தும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. இந்தச் சூடை மீனுக்கு உடன இரட்சிப்பு!"

சப்னா சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. "அக்கா, சார்ஜ் ஏறுது, சேமிச்சாச்சு எண்டு சொல்ல வந்ததுகளைப் பிழையா மாத்திப்போட்டாங்கள்."

"அதெல்லாம் பரவாயில்லை. இது என்ர குடும்பத்துக்கயே வந்தது, அதைக் கேள்." புனிதமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "முந்தநாள் நான் சந்தைக்குப் போனனான். இவர் கடலால வந்து படுத்திருந்தவர். போனை இவரின்ர தலைமாட்டில வச்சிட்டுப் போனன். வந்து பாத்தால், 'செல்வி அழைப்பு, நான்கு' எண்டு கிடக்குது. ஆர் உந்தச் செல்வி எண்டு கேட்டன். தெரியாதாம். நாலுதரம் ஒருத்தி எடுத்திருக்கிறாள், தெரியாதாம்!"

"நான் அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினனான்," என்றார் சூசைப்பிள்ளை சப்னாவிடம். "எனக்குத் தெரிஞ்ச ஒரே செல்வி உவளின்ர அக்காதான் எண்டும் சொன்னனான்."

"ஓம். அதால அக்காக்கு எடுத்தன்."

அந்த அக்கா செட்டிகுளத்தில் இருந்தார். மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லாமல் போனில் சொல்லிவிட்டார் என்று புனிதமலர் கலியாணத்துக்கே போகவில்லை. அதோடு பேச்சு நின்று ஒன்றரை வருடம்.

"எடுத்த உடன கேட்டன், நீ ஏன் என்ர மனுசனுக்கு நாலுதரம் எடுத்தனி எண்டு. அவா சொன்னா, நான் எடுக்கேல்லையடி, எடுப்பம் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான் எண்டு." என்றார் புனிதமலர். "பிறகு நான் செல்வியையும் மறந்திட்டன், இவரையும் மறந்திட்டன். ஒரு மணித்தியாலமும் இருபது நிமிசமும் கதைச்சம். அவாவுக்குப் பேத்தி பிறந்து மூண்டு மாசமாம், எனக்குத் தெரியாது. வைக்கேக்க பாத்தன், எண்பத்திரண்டில இருந்தது எழுபத்தாறாத்தான் இறங்கியிருக்குது. அதைச் சொல்லு பிள்ளை, பற்றரி நல்லது."

சப்னா அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். நான்கு அழைப்புகளும் ஒரே எண்ணிலிருந்து வந்திருந்தன.

"அக்கா, உங்கட பட்டன் போனைத் தாங்கோ." அதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பெய்ரூன் கடற்கரையே அதிர அலறியது. அதே எண். "சந்தையில நிண்டு நீங்கள் இதுக்கு எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான். பாரை மீன் விலை சொல்ல. இவர் எழும்பேல்லை."

"நாலு தரமோ?"

புனிதமலர் விரல்விட்டு எண்ணினார். பட்டன் போனுக்குப் போட்டது புதுச் சிம், அந்த எண் அவருக்கே பாடமில்லை.

"இது மிஸ் கோல் அக்கா. மிஸ் எண்டதைச் செல்வி எண்டு மாத்தி எழுதியிருக்கிறாங்கள். அந்தச் செல்வி நீங்கள்தான்."

சூசைப்பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை வானத்தை நோக்கி உயர்த்தினார். புனிதமலர் அவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அன்று மாலையே சப்னா காணொளியை ஏற்றினாள். வெட்டிய இடம் குறைவு. கடைசியில் தன் முடிவையும் சொன்னாள்: சத்தமும் பற்றரியும் நன்று, வெயிலில் திரை தெரியாது, கமரா ஆளை மாற்றிவிடும், தமிழ் திருத்தப்பட வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தவர்கள் தொகை நாற்பதாயிரத்தைத் தொட்டது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சிரித்து எழுதினார்கள். யாரோ ஒருவர் மட்டும், இதெல்லாம் ஒரு தமிழா, மீன்காரப் பேச்சு என்று எழுதியிருந்தார்.

நான்காம் நாள் முகவர் யோகநாதன் கொழும்பிலிருந்து லாபிருக்குப் போன் எடுத்தார். கம்பனிக்காரருக்குக் கோபம், காணொளியை உடனே நீக்க வேண்டும் என்றார்.

"முப்பது பெட்டி கிடக்கு சப்னா," என்றார் லாபிர் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு.

"நான் பொய் சொன்னனானோ நானா?"

"பொய் இல்லை. ஆனா உண்மையை இவ்வளவு சத்தமாச் சொல்ல வேணுமோ?"

சப்னாவுக்கு நானாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முகவருக்காகக் காணொளியை நீக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு கருத்து மனதில் குத்திக்கொண்டிருந்தது. புனிதமலரை எல்லாரும் பார்த்துச் சிரிக்க விட்டுவிட்டேனோ என்று யோசித்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கள்ளப்பாட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும், அந்தக் கருத்தையும் சேர்த்து, வாசித்துக் காட்டினாள்.

புனிதமலர் பொறுமையாகக் கேட்டார். "மீன்காரி மீன்காரப் பேச்சுத்தானே பேசுவாள். அவர் என்ன பேச்சுப் பேசுறவராம்?" என்றார். பிறகு, "எனக்காக எண்டால் அதை அழிக்காதை. எங்கட அக்கா அதைப் பதினொருதரம் பாத்திட்டா. ஒவ்வொருதரமும் பாத்திட்டு எனக்கு எடுத்துக் கதைக்கிறா. இப்ப இல்லை எண்டால் அவாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

சப்னா அங்கேயே நின்று யோகநாதனுக்குப் போன் எடுத்தாள். காணொளி அப்படியே இருக்கும், தமிழைத் திருத்தினால் அதையும் ஒரு காணொளியில் சொல்வேன் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை விசுவமடுவிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். "செல்வி போன் இருக்கோ?" என்று கேட்டார். லாபிருக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் இன்னொருவர் வந்தார். வயலில் டிராக்டர் ஓடும்போது மணி கேட்கும் போன் வேண்டும் என்றார் அவர். ஒரு தாய் தன் சகோதரியோடு பேச வேண்டும், பற்றரி நிற்க வேண்டும் என்றார். குறைகள் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. இரண்டு கிழமை முடிவதற்குள் முப்பது பெட்டியும் போய்விட்டன. லாபிர் தங்கள் தகப்பன் வாப்பாவிடம், சப்னாவிடம் வீடியோ போடச் சொன்னதே தன்னுடைய யோசனைதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு கம்பனியிலிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. போனில் உள்ள எல்லாத் தமிழ்ச் சொற்களையும் அனுப்பியிருந்தார்கள், அறுநூற்றுச் சொச்சம். திருத்தித் தர முடியுமா, கூலி தருவோம் என்று எழுதியிருந்தார்கள். சப்னா அதை அச்சடித்துக்கொண்டு நேரே புனிதமலர் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் நடு அறையில் பாய் விரித்து இருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு சொல்லுக்குச் சண்டை பிடித்தார்கள், அடுத்ததற்குச் சிரித்தார்கள். 'விண்வெளியை விடுதலை செய்' என்பதைப் புனிதமலர் 'இடம் ஒதுக்கு' என்று ஒரே மூச்சில் திருத்தினார். மதியம் தாண்டிவிட்டது.

"அடுத்தது என்ன பிள்ளை?"

"ஆரும் எடுத்தாலும் சத்தம் வராமல் வைக்கிறது அக்கா. இதில 'கலவரம் செய்யாதே' எண்டு இருக்கு. வேற என்ன போடலாம்?"

"'தொந்தரவு செய்யாதே' எண்டு போடு."

"அது புத்தகத்தில இருக்கிற மாதிரி இருக்கக்கா."

"அப்ப 'கரைச்சல்' எண்டு போடுவமோ? இல்லை இல்லை, நில்லு, யோசிப்பம்."

அறையின் மூலையில், அதிகாலை கடலுக்குப் போய்வந்த சூசைப்பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இரண்டு மணித்தியாலமாக அவருக்குத் தூக்கமே இல்லை.

"ஐயோ, ஆக்கினை குடுக்காதேங்கோ!" என்றார் அவர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சப்னா தாளில் அதை அப்படியே எழுதினாள். பிறகு சத்தம் போடாமல் தாள்களைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். இன்னும் நூற்றெண்பது சொற்கள் இருந்தன.