ஈரக் கோணி

வேலாயுதன் குனிந்து பிள்ளைகளின் படுக்கைக் கோணியைத் தொட்டுப் பார்த்தான். நடுவில் ஒரு முழ அகலத்துக்கு நனைந்திருந்தது. உள்ளே திணித்திருந்த காய்ந்த புல்லும் ஊறிப்போய், விரலால் அழுத்தியபோது நீர் கசிந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. ஆறு வயதுத் தெய்வானை விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். ஈரத்திலிருந்து நகர்ந்து, சுவரோரமாக, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை கோணியில் பட்டதும் கண்களை மூடிக்கொண்டாள்.

கடல் தாண்டி வரும் பஞ்சாங்கத்தில் அந்த மாதத்துக்கு அக்கினி நட்சத்திரம் என்று போட்டிருந்தது. பருவம் தலைகீழான இந்தத் தீவில், ரோஸ் பெல் ஊரிலோ அது குளிர் இறங்குகிற காலம். கியூர்பிப் மேட்டிலிருந்து மேகம் சரிந்து வந்து, ஒன்பது நாளாக விடாத தூறல். கரும்பு பூவெடுக்கத் தொடங்கியிருந்தது. வெட்டு ஆரம்பிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. வீட்டில் எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, பிறந்து ஐந்து வாரமான கைக்குழந்தையின் துணிகளைப் பூங்காவனம் புகையிலேயே உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. குழந்தை பிறந்த அன்றுதான் தெய்வானை அம்மாவின் பக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, நான்கு வயதுத் தம்பி ரங்கனோடு இந்தக் கோணிக்கு வந்து சேர்ந்தாள். அந்த வாரத்திலிருந்துதான் கோணி நனையத் தொடங்கியது. இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

பின்னால் அவன் தனக்குத்தானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தான். கைக்குழந்தையின் அழுகையில் தூக்கமில்லை. முந்தின நாள், தன் இரண்டு ஆர்ப்பான் நிலத்துக் கரும்பை ஏற்ற வண்டிமுறை கேட்கப் போனவனை ஆலைக் கணக்கர் தாழ்வாரத்துக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்தபடி, அரை நாள் மழையில் நிறுத்தி வைத்திருந்தார். வீடெல்லாம் மூத்திர வாடை. எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று காலை அவன் செய்ததற்கு அதில் எதுவும் போதவில்லை.

“எழுந்திரு.”

எழுந்தாள்.

அவன் கோணியின் வாயைப் பிரித்து, புல்லை உதறிக் கொட்டி, ஈரச் சாக்கை நான்காக மடித்தான். “தலையில வை. ஓடைக்கு நீயே கொண்டு போய் அலசு.”

“ஏங்க, கொழந்தங்க அது,” என்றாள் பூங்காவனம் உள்ளேயிருந்து. “நான் பின்பக்கமா கொண்டு போறேன்.”

“நீ பேசாம இரு. நாலு பேரு பாத்தாத்தான் புத்தி வரும்.”

ஓடைக்குப் பின்புறமாக ஒரு வழி இருந்தது. கரும்புக்கு நடுவே போனால் யார் கண்ணிலும் படாது, தூரமும் குறைவு. அவன் அவளைத் தெரு வழியாக நடத்தினான். அவள் முன்னால், அவன் நான்கடி பின்னால். இரண்டு கைகளாலும் சாக்கைப் பிடித்திருந்தாள். அதிலிருந்து வடிந்த நீர் பிடரி வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். தெருக்கோடியில் சீனக் கடை வாசலில் ரொட்டிக்காக நின்றிருந்த நாலைந்து ஆண்களில் ஐயாசாமி மட்டும் வாயைத் திறந்தான்.

“என்ன வேலாயுதன், மவளக் காலங்காத்தால சந்தைக்கு அனுப்புறியா?”

“ஏன்னு அவளையே கேளுங்க.”

தெய்வானை நின்றாள்.

“சொல்லு.”

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை.

“சத்தமா.”

“கோணியில மூத்திரம் போயிட்டேன்.”

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. குழந்தைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்புதான். வேலாயுதனும் சிரித்தான். பின்னாளில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது. முந்தின நாள் மழையில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றவனுக்கு, நாலு ஆண்கள் தன்னோடு சேர்ந்து சிரித்தது இதமாக இருந்தது.

கடைக்கு அடுத்த வீடு யொலாந்துடையது. கிரியோல் இனத்தவள். தனியாக இருந்து, ஊராருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். வேலிப்படலருகே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வேலாயுதன் வழக்கம்போல “போன்ழூர், மதாம்” என்று வணக்கம் சொன்னான். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். முகத்தில் நீர் சொட்டச் சொட்டக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கிரியோல்காரிக்குத் திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டான். வழியெல்லாம் தெய்வானை அழவேயில்லை.

அதன் பிறகு கோணி நனையவில்லை. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். காலையில் எழுந்ததும் அவள் தானே கோணியைத் தடவிப் பார்ப்பாள். அப்புறம் அப்பா இருக்கிற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள். “பாத்தியா?” என்றான் வேலாயுதன் மனைவியிடம். பூங்காவனம் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மழை விட்டு, வெளிறிய வெயில் அடித்த ஒரு மத்தியானம், மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு கரும்பு வரப்பில் வந்துகொண்டிருந்தான். வீட்டுக்குப் பக்கவாட்டில் லீச்சி மரத்தடியில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. கரும்புச் சோகைகளுக்கு நடுவே பார்த்தான். ரங்கன் ஒரு பழைய துணியைத் தலையில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் தெய்வானை. கால்களை அகட்டி, வயிற்றை முன்னுக்குத் தள்ளி, இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள். அது யாருடைய நடை என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. எதிரே அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வரிசையாக நின்றார்கள்.

“ஏன்னு அவனையே கேளுங்க,” என்றாள் தெய்வானை, குரலைத் தடிக்கவைத்து. “சொல்லு. சத்தமா.”

ரங்கன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் தெய்வானையும் சிரித்தாள், மூக்கால் காற்றை விட்டு, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து. தன் சிரிப்பு வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

தலையிலிருந்த புல்கட்டு உரசிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ரங்கன் துணியை அப்படியே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினான். தெய்வானை மட்டும் நின்ற இடத்தில் நின்றாள், அடி வாங்கத் தயாராகக் கைகளைத் தொங்கவிட்டு. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். தன் குரல் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் கேட்டிருந்ததால் பேச்சு வரவில்லை. புல்லைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டான். அன்று சாயங்காலம் கடைப்பக்கம் போகவில்லை.

மறுநாள் பிற்பகலில் பிள்ளைகள் காட்டோரத்தில் சீனக் கொய்யா பறிக்கப் போனார்கள். நெல்லிக்காயளவில் சிவப்புச் சிவப்பாகப் புதர் நிறையப் பழுத்துக் கிடக்கும் பருவம். கொஞ்ச நேரத்தில் யொலாந்த் தெய்வானையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, வேகவேகமாகத் தெருவில் வந்தாள். பின்னால் ரங்கன், மடி நிறையப் பழத்தோடு, அழுதுகொண்டே. வேலாயுதன் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“புதர்கிட்ட விழுந்து கெடந்தா,” என்றாள் யொலாந்த், தீவில் எல்லாரும் பேசும் கிரியோலில். பிள்ளையை வாசற்படியில் உட்கார வைத்து, தன் மேல் சாய்த்துக்கொண்டாள். தெய்வானையின் உதடு தோலுரிந்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் அதைக் குளிர் வெடிப்பு என்றே நினைத்திருந்தான். “மூஞ்சியில தண்ணி தெளிச்சேன், கண்ணத் தொறந்தா. குடிக்கக் குடுத்தேன். வாயில வச்சிக்கிட்டு, நான் திரும்பினதும் துப்பிட்டா. இந்தப் புள்ள தண்ணி குடிக்குதா இல்லையா?”

பூங்காவனம் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். “குடிக்கிறாளே... சோறு போடுறேனே...” என்று தமிழிலும் கிரியோலிலுமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். எப்போது கடைசியாகத் தண்ணீர் கொடுத்தோம் என்று யோசிப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ரங்கன்தான் சொன்னான். “அக்கா குடிக்க மாட்டா. காலையில எந்திரிச்சதும் ஒரு வாய். அப்புறம் கெடையாது. ரசங்கூட எங்கிட்ட ஊத்திடுவா. கொய்யாவும் எனக்குத்தான்.” மடியிலிருந்த பழங்களைக் காட்டினான். “குடிச்சா தலையில வைக்கணும்ல?”

யொலாந்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பூங்காவனத்தின் முகத்தையும் வேலாயுதனின் முகத்தையும் பார்த்ததிலேயே அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது போலிருந்தது. பிள்ளையைத் தாயின் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய கொய்யா இலையைத் தட்டிவிட்டாள்.

“எம் மவன் டானியேல் தெரியுமில்ல?” என்றாள் மெதுவாக, வேலாயுதனுக்கு மட்டும் கேட்கும்படி. “ரயில்ல கார்டா இருக்கான், பித்தான் வச்ச சட்டையோட. பன்னெண்டு வயசு வரைக்கும் படுக்கைய நனைச்சவன் அவன். நான் இந்தத் தெருவுலதான் இருந்தேன். அப்பவும் நீயும் இங்கதான் இருந்த. யாருக்காவது தெரியுமா?”

அவன் இல்லையென்று தலையை அசைத்தான்.

“இப்ப உனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலாயுதன் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து மகளின் முன்னால் குந்தினான். “குடி.” அவள் குடித்தாள். அப்பா சொன்னதால் குடித்தாள். ஒரே மூச்சில், நிறுத்தாமல், கண்கள் செம்பின் விளிம்புக்கு மேலே அவனையே பார்க்க, முழுச் செம்பையும் குடித்து முடித்தாள். அவன் அதற்கும் வெட்கப்பட்டான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத் தோன்றியது. அவன் அப்பன் அவனிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையிடம் அதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் அவன் கண் விழித்தபோது தெய்வானை ஏற்கெனவே எழுந்திருந்தாள். கோணி நனைந்திருந்தது. அதிலிருந்து புல்லை ஒவ்வொரு பிடியாக, சத்தமில்லாமல், வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிடியையும் எடுத்துப் போட்டுவிட்டு, சாக்கை நான்காக மடிக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை. மோவாயால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மடித்தாள். பிறகு குனிந்து தலையைக் கொடுத்தாள்.

வேலாயுதன் அதை அவளிடமிருந்து எடுத்தான். “அப்பா தூக்கிட்டு வரேன்.”

அவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். அவன் ஈரச் சாக்கைத் தன் தலையில் வைத்தான். குளிர்ந்த நீர் காதோரமாக வழிந்தது. மனம் கொஞ்சம் லேசானது. தெரு வழியாகவே போவோம் என்று நினைத்தான். கடை வாசலில் ஐயாசாமி நிற்பான். கேட்பான். கேட்கட்டும். யொலாந்தும் பார்க்கட்டும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான்.

பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம்ப்பா.”

“நான்தான தூக்குறேன். உனக்கென்ன?”

“எல்லாரும் ஏன்னு கேப்பாங்க.” அன்று தெருவில் அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்துவிட்டது. “மறுபடியும் நான் சொல்லணும்.”

வெளியே வைத்த காலோடு அவன் அப்படியே நின்றான். தெருவில் யாரோ கனைத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தான் கிளம்பியது இவளுக்காகவா, அந்த ஆண்களின் கண்ணுக்காகவா என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினான். சாக்கைத் தலையிலிருந்து இறக்கி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உள்ளே பூங்காவனம் விழித்துக்கொண்டு, குழந்தையை அணைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா. பின்பக்கமா போவோம்.”

கரும்பு இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பூக்கள் பனியில் நனைந்து, சாம்பல் நிறத்தில் தொங்கின. வழி குறுகலானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அவளை முன்னால் விட்டான். நாலடி போய் அவள் நின்று, அவன் பின்னால் வருவதைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள். அவன் அவளைத் தாண்டி முன்னால் போனான். சோகை அவள் முகத்தில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். அவளுடைய காலடிச் சத்தம் பின்னால் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனான். ஒரு தடவை நின்றுவிட்டது. அவனும் நின்றான். பிறகு மறுபடியும் வந்தது.

ஓடையில் சாக்கை அலசிப் பிழிந்து, கல்லின் மேல் விரித்தான். அவள் எட்ட நின்றிருந்தாள்.

“அன்னிக்கு அப்பா...” என்று தொடங்கினான். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.

அவன் எழுந்து, சாக்கு அலசிய இடத்தைத் தாண்டி, தண்ணீர் பாறையிலிருந்து தெளிவாக விழும் மேல்பக்கத்துக்குப் போனான். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு திரும்பிக் குந்தினான். குளிரில் விரல்கள் விறைத்தன. விரலிடுக்குகளில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“வேணும்னா குடி,” என்றான். “வேணாம்னா விடு.”

கொஞ்ச நேரம் அவள் வரவில்லை. அதற்குள் கையில் பாதி போய்விட்டது. மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்து அதே இடத்தில் குந்தினான். இம்முறை அவள் கிட்டே வந்து, குனிந்து, அவன் கையில் வாய் வைத்தாள். ஒரு மடக்கு குடித்தாள். தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு மடக்கு. மறுபடியும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.