அண்ணன் தூக்கிய பெட்டி

தையல்காரிக்குச் சேமிக்கத் தெரியாது என்று தெருவே பேசியது. தெரியாமல் இல்லை, அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். பள்ளிச் சீருடை தைத்த கூலி கைக்கு வரும் அன்று அவனும் வந்து நிற்பான்.

சேமிப்புச் சங்கத்திலிருந்து வந்த பெண் அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான்.

"கையில காசு இருந்தா யாரு வந்து கேப்பாங்கக்கா?"

"எங்க அண்ணன்."

"அப்புறம்?"

"அப்புறமும் அவன்தாங்க. ரெண்டு தடவை வருவான்."

அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். மறுவாரம், காசு போடத் துளை வைத்த ஓர் இரும்புப் பெட்டியோடு வந்தாள். பெட்டியின்மேல், தையல்காரி ஆசைப்பட்ட மோட்டார் மெஷினின் படம் ஒட்டியிருந்தது. சாவி சங்கத்தில் இருக்கும். மெஷின் விலை சேர்ந்தால்தான் திறப்பார்கள்.

"தினம் தினம் மனசோட மல்லுக்கட்ட முடியாதுக்கா. ஒரே தடவை முடிவெடுத்துச் சாவிய எங்ககிட்ட குடுத்துடுங்க. இல்லன்னு சொல்ற வேலைய பெட்டி பாத்துக்கும்."

பார்த்துக்கொண்டது. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே, "சாவி என்கிட்ட இல்லண்ணே" என்பாள் தையல்காரி. பொய் சொல்லாமலே அவனைத் திருப்பி அனுப்பியது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. போடுகிற பணத்தை அதிகாரி வாராவாரம் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போனாள்.

எட்டாம் மாதம் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாவி இங்க வராதுன்னா பெட்டி அங்க போகட்டும்!"

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். கடைத்தெரு முழுக்கச் சில்லறை குலுங்கியது. கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரி பின்னாலேயே ஓடினாள்.

சங்கத்தில் நீள வரிசை. அண்ணன் நேரே போய்ப் பெட்டியை மேசைமேல் தொம்மென்று வைத்தான்.

"தொறங்கம்மா."

அதிகாரி அட்டையைப் பார்த்தாள். "இன்னும் முந்நூத்தி நாப்பது குறையுதுண்ணா. சேர்ந்ததும் தொறக்கலாம்."

"இந்தப் பிசாத்துக் காசுக்கா என்னை நிக்க வைக்கிறீங்க?"

"அப்ப நீயே போடேன்" என்றாள் வரிசையில் நின்ற மீன்காரம்மா. "போடுற மூஞ்சியப் பாரு!"

வரிசை சிரித்தது. அண்ணனின் காது சிவந்தது. சட்டைப்பையைக் கவிழ்த்து, நோட்டும் சில்லறையுமாக முந்நூற்று நாற்பதை எண்ணிப் பெட்டிக்குள் திணித்தான். "இப்பத் தொறங்க!"

திறந்து எண்ணினார்கள். சரியாக இருந்தது. அண்ணன் கையை நீட்டினான்.

"காசா குடுக்க மாட்டோம்ணா. நேரா மெஷின் கடைக்குப் போயிடும்."

"அப்ப என் முந்நூத்தி நாப்பது?"

"அன்பளிப்புன்னு எழுதிக்கவா?"

அண்ணன் நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான். சிரிப்பை அடக்கியதில் தையல்காரிக்கு வயிறு வலித்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "கடைசிக் காசு எங்க அண்ணன் போட்டதுங்க!"

"தங்கமான மனுசன்தான் போல" என்றாள் மீன்காரம்மா. அண்ணன் மெல்ல நெஞ்சை நிமிர்த்தினான்.

மெஷின் மறுநாளே வந்தது. அதைப் பார்க்க வந்த அண்ணன், கிழிந்த கால்சட்டை ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். மோட்டார் உறுமியது, ஒரே நிமிடத்தில் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

"இருபது ரூபாண்ணே."

"என்கிட்டயேவா?"

"கரண்டு பில்லு யாரு கட்டுவா?"

அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, இருபதை எண்ணி வைத்தான்.