ஒப்பாரியில் தண்ணீர் கேட்பவள்

என் பெயர் சங்கிலிப்பாண்டி. வயது அறுபத்தெட்டு. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப்போனேன் என்று ஊரே கூடிவிட்டது. அதற்கு யார் காரணம் என்று கேட்டால், இன்றைக்கும் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுகிறார்கள். காட்டட்டும், எனக்கென்ன.

என் வீட்டுக்காரி ஆவுடைத்தாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊரில் அவள் வாய்க்கு ஈடு யாரும் கிடையாது. சாவு வீடு என்றால் அவளுக்குத்தான் முதலில் ஆள் வரும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழும்போது இவள்தான் எடுத்துக் கொடுப்பாள். செத்தவர் எந்தக் கடையில் டீ குடிப்பார், எந்த மாட்டை விற்கும்போது அழுதார் என்பதெல்லாம் இவள் ஒப்பாரியில் வந்துவிடும். திரும்பி வந்து குளித்ததும் அதே வாயால் என்னைத் திட்ட ஆரம்பிப்பாள்.

போன ஆடியில் ஒரு மத்தியானம், மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து, "சாப்பிட வாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? ஒரு நாளாவது இந்த வீடு அமைதியா இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் காலையில் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியோடு விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது.

மகன் சதீஷ்குமார் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தான். மகள் உமாராணி புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் பத்து தையல் மிஷின் வைத்து ரெடிமேட் தைக்கிறாள். அவள் இரண்டு தடவை வந்தாள். அப்புறம் போன்தான். "அம்மா எப்படி இருக்காங்க?" என்பார்கள். "அப்படியேதான்" என்பேன். போனை அவள் காதில் வைத்தால் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும், அந்தப் பக்கம் அழுவார்கள், வைத்துவிடுவார்கள். பிறகு நானும் சுவர்க் கடிகாரமும்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஒரு பேச்சுக்கூட இல்லாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். மாட்டோடு பேசினேன், மக்காச்சோளத்தோடு பேசினேன். வாயை மூடு என்று சொன்ன நாக்கை அறுத்துப் போடலாமா என்றுகூட இருந்தது.

புதன்கிழமைதோறும் அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பிரேமலதா, நல்ல பிள்ளை, கோபமே வராது. எனக்கும் சேர்த்து அவளே பொறுமையாக இருப்பாள்.

"ஐயா, பேச்சு மூளையில இடது பக்கம் இருக்கு. அம்மாவுக்கு அங்கனதான் அடி பட்டிருக்கு. பாட்டுக்கு வலது பக்கமும் வேலை செய்யும், அது நல்லாத்தான் இருக்கு. மழையில பாலம் போயிட்டுன்னா ஓடைக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் போறோம்லா? அதுமாதிரி, வார்த்தையைப் பாட்டுல ஏத்தி வலது பக்கமா கொண்டு வருவோம். அம்மாவுக்கு எந்தப் பாட்டு நல்லாத் தெரியும்?"

சினிமாப் பாட்டு போட்டுப் பார்த்தாள், சாமிப் பாட்டு போட்டுப் பார்த்தாள், தாலாட்டுகூடப் பாடிக் காட்டினாள். ஆவுடை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. ஒப்பாரி என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை.

ஐப்பசியில் அடுத்த தெரு பூவனநாதன் மாமா இறந்துபோனார். பெண்கள் அழுகிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. நான் ஆவுடைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டாள். இடது கையால் நெஞ்சில் தட்டினாள்.

"வாசல் தெளிச்சேனே... வந்து நிக்கக் காணலியே..."

ஒரு எழுத்து பிசகவில்லை. மூன்று மாதம் 'தண்ணி' என்று சொல்ல முடியாதவள் முழுசாக மூன்று வரி பாடினாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நான் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், இவள் தாலியறுத்த பாட்டைப் பாடுகிறாளே என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவள் பாட்டு நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நானே அவள் வாயை மூடிவிட்டேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு புதன்கிழமை மறைத்துவிட்டு மூன்றாவதில் சொல்லிவிட்டேன். பிரேமலதா மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஐயா, இத ஏன் முதல்லயே சொல்லல? அந்த ராகம்தான் நமக்கு வேணும். வார்த்தையை மட்டும் மாத்திருவோம். நீங்க எடுத்துக் குடுங்க, அவிய இடது கையால தட்டட்டும்."

"நானா? ஆம்பிளை ஒப்பாரி பாடவா?"

"உங்க வீட்டுல வேற யாரு இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாகப் போட்டு ஆரம்பித்தேன். "தண்ணீ... வேணுமே..." என்று இழுப்பேன். அவள் கையைப் பிடித்து அவள் தொடையில் தட்டுவேன். என் குரலைக் கேட்டு முதல் வாரம் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கூடப் பாடினாள். அப்புறம் நான் 'தண்' என்று எடுத்தால் மிச்சத்தை அவளே முடித்தாள். தைக்குள் காபி, மாத்திரை, வலிக்கு, போதும் என்று பதினைந்து வார்த்தை வந்துவிட்டது. எல்லாம் அதே ராகத்தில்தான். காபி கேட்டால்கூட பிணம் எடுக்கிற நேரம் மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்காமல் அவளாக எதுவும் சொல்லவில்லை. "பழைய பாட்டு ஞாபகத்துல இருந்து வந்திரும் ஐயா. சொல்லிக் குடுத்ததும் வரும். அம்மாவா நினைச்சு, அம்மாவா ஒண்ணு ஆரம்பிக்கணும். அன்னிக்குத்தான் மூளை புது வழி பழகிட்டுன்னு அர்த்தம்" என்றாள் பிரேமலதா. அந்த ஒன்றுக்காகத்தான் காத்துக் கிடந்தேன். திட்டினால்கூடப் போதும். இதையெல்லாம் பிள்ளைகளிடம் மூச்சுவிடவில்லை. அப்பன் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பாரி பாடுகிறான் என்று எப்படிச் சொல்ல?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மக்காச்சோளத்தில் பன்றி இறங்கிவிட்டது என்று காட்டுக்குப் போனேன். ஆவுடையைக் கட்டிலில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவசரத்தில் போனை அவள் பக்கத்திலேயே மறந்துவிட்டேன். பன்றியை விரட்டி வேலியை அடைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது, திரும்புகிற வழியில் டிவிஎஸ் வண்டி பஞ்சர். மூன்று மைல், கரிசல் பாதையில் உருட்டிக்கொண்டே வந்தேன்.

இதற்குள் உமாராணி போன் செய்திருக்கிறாள். ஆவுடை இடது கையால் எப்படியோ பட்டனை அமுக்கிவிட்டாள். "அம்மா, அப்பா எங்கம்மா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். மகள் குரலைக் கேட்டதும் இவளுக்குப் பேச வேண்டும் போல இருந்திருக்கும். எடுத்துக் கொடுக்க நான் இல்லை. மனதில் கிடந்த பழைய பாட்டுத்தான் வந்தது. வாசல் தெளிச்சேனே, வந்து நிக்கக் காணலியே. நெஞ்சில் அடிக்கிற சத்தத்தோடு.

மகள் அலறியடித்து, பலசரக்குக் கடை ராஜமணிக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் ஓடி வந்து வாசலில் நின்று கேட்டார். உள்ளே ஒப்பாரி. கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு நுழையக் கூடாது என்று திரும்பிப் போய், "ஆமா தாயி, அண்ணாச்சி போயிட்டாவ போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

நான் வண்டியை உருட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது என் வீட்டு வாசலில் பந்தல். ஐம்பது நாற்காலி. தூத்துக்குடியிலிருந்து என் தம்பி, புதியம்புத்தூர்ச் சம்பந்தி, பத்து வருடமாக என்னோடு பேசாத மச்சினன், எல்லோரும் வந்திருந்தார்கள். வேனிலிருந்து பிரீசர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆவுடைதான் போய்விட்டாள் என்று நினைத்து வண்டியைக் கீழே போட்டு ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் ராஜமணி கையிலிருந்த மாலையை நழுவவிட்டார். யாரோ ஒரு பெண் கத்தினாள். உள்ளே கட்டிலில் ஆவுடை மகள் மடியில் சாய்ந்திருந்தாள். நல்லாத்தான் இருந்தாள்.

எல்லாம் விளங்க அரை மணி நேரம் ஆயிற்று. வீட்டில் பிணத்தைக் காணோம் என்றதும், என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேதான் உயிர் போயிருக்கும் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்களாம். முதலில் சிரித்தார்கள். அப்புறம் முணுமுணுத்தார்கள். சதீஷ்குமார் பிளேன் பிடித்து மதுரை வரைக்கும் வந்துவிட்டான். போனைக் காதில் வைத்தேன்.

"நல்லா இருக்கீங்கள்லாப்பா?"

"இருக்கேம்பா. எவ்வளவு நேரத்துல வருத?"

"இல்லப்பா... நாளைக்கு ஆபீஸ்ல முக்கியமான வேலை. ஒண்ணுமில்லைன்னா நான் இப்படியே திரும்பிருதேன்."

திரும்பிவிட்டான். மதுரையிலிருந்து இரண்டரை மணி நேரம்தான்.

உமாராணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்குப் புத்தி இருக்காப்பா? உயிரோட இருக்கிற ஆளுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க? இன்னைக்கோட நிறுத்துங்க."

"ஏழு மாசமா இந்த வீட்டுல ஒரு குரல் இல்ல தாயி. நான் செத்தாத்தான் இத்தனை பேரு வருதீங்க. உங்கம்மா பேசணும்னா எனக்கு ஒப்பாரிதான் வழின்னா நான் தினமும் சாவுதேன், போ."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நாலரைப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தம்பியும் மச்சினனும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பந்தலைப் பிரித்தார்கள். பிரீசர் பெட்டி வந்த வழியே கோவில்பட்டிக்குத் திரும்பியது. பொழுது சாயும்போது வாசலில் ஒரு நாற்காலி மட்டும் மிச்சம், அதில் நான். மிதிபட்ட ரோஜா இதழைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. எழுந்திருக்க மனசு வரவில்லை.

உள்ளேயிருந்து தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சாப்... பிட... வாங்க..."

அதே சாவு ராகம். நான் சொல்லிக் கொடுத்த பதினைந்தில் அந்த வார்த்தை கிடையாது. ஆடியிலிருந்து அவள் வாயிலேயே நின்றுபோன வார்த்தை அது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன், மூச்சுவிட்டால் நின்றுவிடுமோ என்று. மறுபடி தட்டினாள்.

"சாப்பிட... வாங்களேன்..."

மூன்றாவது தடவை அவளைக் கூப்பிட விடவில்லை. "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்து போனேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று ராஜமணி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறும் ரசமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என் சாவுக்கு வந்த சோறு. அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தோம்.