மூன்றாவது ஓலை

எங்கள் தேவாலயத்தில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிற அறிவிப்புதான் ஓலை. நான் பார்த்தவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. இருமுவார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை சொல்ல ஒருவன் இருந்தான். என் மனைவியின் தம்பி, மாவு மில் வைத்திருப்பவன். கல்யாணப் பெண் அவன் மகள். பதினோரு வருஷத்துக்கு முன் ஆர்கன் வைக்க இடம் வேண்டுமென்று, அவன் குடும்பம் உட்கார்ந்துவந்த இரண்டாம் வரிசைப் பெஞ்சைக் கடைசிக்குத் தள்ளினார் அப்போதைய சபைச் செயலாளர். அன்றோடு மச்சான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஒரு பெஞ்சுக்காகக் கடவுளோடு டூ விட்ட ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. மகளோ அந்தச் செயலாளரின் மகனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்பீங்கல்ல? ஒரு நாள் வந்து எந்திரிச்சு நிக்கிறேன் பாருங்க," என்றான் மச்சான், மில்லில் பத்துப் பேர் கேட்க.

முதல் இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மழை வந்தது. ஓடையின் இந்தக் கரையில் கோயிலும் என் வீடும் மட்டும்தான். ஊருக்குப் போகும் தரைப்பாலம் முங்கிவிட்டது. மூன்று சபைகளைக் கட்டி மேய்க்கும் போதகர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டு விடிகாலையில் போன் செய்தார். எனக்கு வேலை கால்நடை மருந்தகத்தில். ஆனால் அவர் இல்லாதபோது ஆராதனை நடத்த அனுமதி உண்டு.

"நீங்களே காலை ஜெபம் நடத்தி ஓலையை வாசிச்சிடுங்க. ஆனா சபைன்னு ஒருத்தராவது இருக்கணும். சுவருக்கு வாசிச்சா செல்லாது."

"யாரும் வரலன்னா?"

"அடுத்த ஞாயிறுதான்."

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அடுத்த ஞாயிறு நடுக்கடலில் இருப்பான். புதன்கிழமை கல்யாணம், சனிக்கிழமை கப்பல், திரும்பி வர ஒன்றரை வருஷம். கல்யாண வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ரயில் பாலம் சுத்தி யாரையாவது அனுப்பு."

"அஞ்சு மைல்ங்க. இந்த மழையில யாரு வருவா?" என்றாள், அழுதுவிடுவாள் போல.

ஒன்பது மணிக்கு மணி அடிக்க ஆரம்பித்தேன். ஒன்பதரை வரை விடாமல் அடித்ததில் தோள்பட்டை விட்டுப்போனது. அப்போதுதான் கதவு திறந்தது. மச்சான்! முழங்கால்வரை சேறு, கையில் செருப்பு. என்னைப் பார்க்காமல், கடைசியில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் கிடந்த அந்தப் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

சபை கிடைத்துவிட்டது, ஆனால் அது சொன்னால் சொன்னதைச் செய்கிற சபை. வேண்டுமென்றே வேதாகமச் சங்கீதத்தை இழுத்து வாசித்தேன். சபை பதில் சொல்ல வேண்டிய இடங்களில் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வேதபாடமும் முடிந்தது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

பெயர்களை வாசித்தேன். "இது மூன்றாம் முறை. தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் இப்பொழுதே தெரிவிக்கவும்."

எழுந்து நின்றான்.

பாவி, பெத்த மகளடா அவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

"வாசிச்சு முடிஞ்சுதா அத்தான்?"

"முடிஞ்சுது. சொல்ல வேண்டியதைச் சொல்லித் தொலை."

"ஒருத்தர் காதுலயாவது விழணும்னு அக்கா சொல்லிச்சு. என் காதுல விழுந்துச்சு. செல்லும்ல?"

"செல்லும்டா," என்றேன். "அப்புறம் எதுக்கு நிக்கிறே?"

"நிப்பேன்னு ஊரறியச் சொல்லியிருக்கேன்ல?"

அடுத்தது, 'விசுவாசிக்கிறேன்' என்று சபை முழுக்கச் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம். அதை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் கழித்தும் ஒரு வார்த்தை தடுக்காமல் என்னோடு சேர்ந்து சொன்னான்.